வெட்டின வட்டையில் உதைபந்து

முன்மாரி வேளாண்மை வெட்டி, சூடு அடித்து, களவெட்டியில் பொலி தூற்றி, நெல் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் வெல்லாவெளிப் பக்கம் உதைபந்து தொடங்கும். மாசிக் கடைசியில் வட்டையில் ஈரம் வற்றும். பங்குனியில் தரை இறுகும். அரிதாள் காலைக் கிழிக்கும் என்பதால் முதலில் மாட்டுப்பட்டியை அந்தத் துண்டுக்குள் விட்டு மேய்ப்பார்கள். மாடு தின்று மிதித்துப்போன நிலத்தில், நடுவே கிடக்கும் வரம்பை மண்வெட்டியால் சரித்துப் பரவினால் மைதானம் சரி. 1978 நவம்பர்ச் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட பிறகு கோல் கம்புகளுக்கும் பஞ்சமில்லை; விழுந்து கிடந்த மரங்கள் அத்தனை. மேலே குறுக்குக் கம்புக்குப் பதில் தும்புக் கயிறு. வலை கிடையாது. பந்து கயிற்றுக்கு மேலால் போனதா கீழால் போனதா என்ற வழக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒருதரமாவது வரும்.

வெளிநாடுகளில் இருப்பதுபோல முதற் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று எங்கள் ஊர்ப் போட்டிகளுக்கு எதுவும் இல்லை. விலகல் முறைச் சுற்றுப்போட்டி, தோற்றால் வீட்டுக்கு. ஆனாலும் எங்களிடம் ஒரு தரமிறக்கம் இருந்தது. அது ஆட்ட நேரத்தில் இருந்தது.

நாலு மணி ஆட்டம் என்றால் மதிப்புள்ள ஆட்டம். வெயில் தணிந்திருக்கும். பழுகாமத்திலிருந்தும் போரதீவிலிருந்தும் சைக்கிளில் ஆட்கள் வந்து சேர்ந்திருப்பார்கள். வயற்காரப் போடியார்மார் கதிரை போட்டு இருப்பார்கள். பெண்கள் வாகை மர நிழலில் நிற்பார்கள். இரண்டு மணி ஆட்டம் வேறு. தரை சுடும். பார்க்க இருப்பது சின்னப் பொடியன்களும் பட்டி பார்க்கிறவர்களும் மட்டும். இரண்டு வருசம் தொடர்ந்து முதற்சுற்றில் விழுந்த அணிக்கு அடுத்த வருசம் நாலு மணி இல்லை. எங்கேயும் எழுதி வைத்த சட்டமில்லை இது. எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லமாட்டார்கள். இரண்டு மணிக்கு இறங்கிய அணி மேலே வர வருசக்கணக்காகும். சில அணிகள் வரவேயில்லை. பொடியன்கள் சலித்து, பந்தை யாரோ ஒருவன் வீட்டுப் பரணில் போட்டுவிட்டு விட்டுவிடுவார்கள்.

1982 பங்குனியில் எங்கள் அணி அந்த விளிம்பில் நின்றது. முந்திய வருசம் முதற்சுற்றிலேயே அடி வாங்கியிருந்தோம். வந்து வாய்த்ததோ ஆற்றுக்கு அக்கரையிலுள்ள எழுவான்கரை அணி. குருமண்வெளித் துறையிலிருந்து பாதை என்கிற மிதவையில் சைக்கிள்களை ஏற்றி, ஆற்றைக் கடந்து மண்டூரில் இறங்கி, அங்கிருந்து உழக்கி வந்திருந்தார்கள். பதினொரு பேருக்கும் பூட்ஸ். மட்டக்களப்பு மிக்கேல் கல்லூரியில் வெபர் பாதிரியாரின் கைக்கு வந்த இரண்டு பேர் அவர்களோடு இருந்தார்கள். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சிலிருந்து வந்து மட்டக்களப்பையே தன் ஊராக்கிக்கொண்ட அந்த இயேசு சபைத் துறவி பழக்கிய பிள்ளைகள் என்றால் தூரத்திலிருந்தே தெரியும். பந்து வருமுன் தலை நிமிர்ந்திருக்கும். எங்கள் ஆட்கள் வெறுங்கால். எங்கள் கோல் காப்பாளன் ஒரு பட்டிக்காரர் வீட்டுப் பொடியன். காலையில் பால் கறந்து ஊற்றிவிட்டு வந்தவன். அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

முதற் பாதியிலேயே ஒரு கோல் வாங்கினோம். பந்து கயிற்றை உரசிக்கொண்டு போனது. மேலால் போனது என்று நாங்கள் கத்தினோம், கீழால் என்று அவர்கள். நடுவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் ஓடவில்லை, நடந்துபோய்க் கயிற்றுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். கயிறு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, அதுவும் மேல்நோக்கித் துள்ளி ஆடியது. கீழிருந்து இடித்த பந்து என்று சொல்லிக் கோல் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அந்தத் தீர்ப்பு சரியானது என்றுதான் நான் இன்றும் சொல்வேன்.

பிந்திய பாதியில் சூரியன் படுவானில் இறங்கி நேரே எங்கள் கோல் காப்பாளனின் கண்ணுக்குள் விழுந்தது. அந்த நேரத்தில்தான் அவன் அந்தப் பந்துகளைப் பிடித்தான். ஒன்று இடது கம்பின் அடியில் நீட்டி விழுந்து விரல் நுனியால் தட்டியது. மற்றது மூலை உதையிலிருந்து தலையால் இடித்த பந்து. இரண்டு பேரின் முழங்காலுக்கு நடுவில் பாய்ந்து நெஞ்சோடு அணைத்தான், எழும்பியபோது மூக்கில் இரத்தம். மூன்றாவது, தனியாக ஓடி வந்த மிக்கேல் கல்லூரிப் பொடியனுக்கு எதிரே இவன் வெளியே ஓடி, தாவாமல், கால்களை அகட்டி நின்றான். மாடு முட்ட வரும்போது பட்டிக்காரன் நிற்கிற நிலை அது. பந்து அவன் கெண்டைக்காலில் பட்டுத் தெறித்தது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கையில் நாங்கள் ஒன்று அடித்துச் சமப்படுத்தினோம். பிறகு பனால்டி. அதில் தோற்றோம். எங்களில் ஒருவன் அடித்தது கயிற்றுக்கு மேலால், வழக்குக்கே இடமில்லாமல், வட்டைக்குள் போய் விழுந்தது.

இனித்தான் நான் சொல்ல வந்த விசயம். எங்களூரில் ஆட்டம் விசில் ஊதியதோடு முடிவதில்லை. வீடு திரும்பும் பேச்சில்தான் அது முடியும். அந்தப் பேச்சுக்கு ஒரு முறை இருந்தது. கோல் அடித்தவனை முதலில் புகழமாட்டார்கள். முதலில் கோல் காப்பாளன். அடுத்தது பிழை விட்டவன். அன்றைக்கு நல்ல வார்த்தை அதிகம் வேண்டியிருப்பது அவனுக்குத்தான் என்று பெரியவர்களுக்குத் தெரியும். பிறகு ஓடி ஓடிக் களைத்த நடு ஆட்டக்காரர்கள். கோல் அடித்தவன் கடைசியில், அதுவும் அவனுக்குப் பந்தைத் தள்ளிவிட்டவனோடு சேர்த்து.

அன்று நாங்கள் தேசிக்காய்த் தண்ணி குடித்துக்கொண்டு வரம்பில் குந்தியிருந்தோம். சீனி போதாது, புளிப்பு நாக்கைக் கூசவைத்தது. ஒரு பெரியவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து காப்பாளனுக்கு முன்னால் நின்றார்.

"மனே, கண்ணுக்குள்ள வெயில் அடிச்ச நேரம் எப்பிடிக் கண்ட நீ பந்த?"

"காணல்ல பெரியப்பா. கால் சத்தம் கேட்டது."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, "கேட்டயா கா? கால் சத்தத்துல பிடிச்சவனாம்" என்றார். மறுகா, பனால்டியை வெளியே அடித்துவிட்டுத் தலை குனிந்திருந்த பொடியனைத் தூக்கித் தன் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டார். "உன்ர உதையில பிழ இல்ல மனே. காலுக்குக் கீழ மண் சறுக்கித்து. நான் கண்டனான்." மண் சறுக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

"கால் சத்தத்துல பிடிச்சவன்" என்ற பேச்சு அன்று இரவே தும்பங்கேணி வரைக்கும் போய்விட்டது. பாதையில் ஆற்றைக் கடந்த எழுவான்கரைப் பொடியன்களும் அக்கரையில் அதைத்தான் சொன்னார்களாம். தோற்றவர்களை வென்றவர்களே புகழ்ந்த பிறகு போட்டி நடத்தியவர்களுக்கு வேறு வழியில்லை. 1983 பங்குனியிலும் எங்களுக்கு நாலு மணிதான் கிடைத்தது. புள்ளிப் பட்டியல் இல்லாத இடத்தில், பார்த்தவர்களின் வாய்தான் எங்களைக் கீழே விழாமல் பிடித்து நிறுத்தியது.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். எங்கள் அம்மப்பா உதைபந்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கொம்புமுறிக்குப் போய்விடுவார். கண்ணகி அம்மனுக்காக ஊர் இரண்டாகப் பிரிந்து, வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம் என்று நின்று, வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு கட்டி இழுக்கும் விளையாட்டு. கொம்பு முறிந்த பக்கம் தோற்றது. கலியாணத்தால் கலந்த வீடுகளுக்குள்ளும் அந்த நாட்களில் பிரிவு விழும். தேற்றாத்தீவில் கொம்புச்சந்திப் பிள்ளையார் இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறார். கரையாக்கன் கொம்பின் வைரத்தைப் பற்றி அம்மப்பா பேசத் தொடங்கினால் விளக்குத் திரி கருகும்வரை பேசுவார். முறிந்த கொம்பைப் பற்றியும் அதே ஆசையோடு பேசுவார், எத்தனை பேரின் இழுவையை அது தாங்கியது, எந்த முடிச்சில் விட்டது என்று. ஆனால் கொம்புமுறியில் வென்றவர்கள் தோற்றவர்களைப் பார்த்து வசை பாடுவார்கள். எங்கள் காலத்து உதைபந்தில் அது இல்லாமற் போயிருந்தது. அம்மப்பாவின் தலைமுறை வசையை உதறிவிட்டு, முறிந்த கொம்பைப் புகழும் பழக்கத்தை மட்டும் எங்களுக்குத் தந்தது என்று நினைக்கிறேன். அதைப் பெரிய கொடையாகவே நான் எண்ணுகிறேன்.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் மைதானத்தில் ஆள் குறைந்தது. 1990 ஆனியில் போர் மறுபடி மூண்டபோது ஆறே எல்லையாகிவிட்டது. எழுவான்கரை அரச கட்டுப்பாட்டில், எங்கள் பக்கமான படுவான்கரை புலிகளின் கட்டுப்பாட்டில். பட்டிருப்புப் பாலத்தால் போவதற்கும் மண்டூர்த் துறையால் போவதற்கும் சோதனை. மண்ணெண்ணெய்யையும் பற்றரியையும் அளந்து கொண்டுவந்த காலத்தில் பதினொரு பொடியன்கள் சைக்கிளோடு பந்தும் கொண்டு ஆற்றைக் கடப்பது நினைக்க முடியாத காரியம். 2007 பங்குனியில், உதைபந்துக்குரிய அதே மாதத்தில், ஊர் முழுவதும் மூட்டை முடிச்சோடு அக்கரைக்கு ஓடியது. திரும்பி வந்தபோது வட்டைகளில் பற்றை மண்டிக் கிடந்தது.

அந்த 1982 அணியில் இயக்கத்துக்குப் போனவர்கள் உண்டு, கட்டாருக்குப் போனவர்கள் உண்டு, சுவிசில் இருப்பவர் உண்டு. எங்கள் வலது பக்க ஆட்டக்காரன் லண்டனில் இருக்கிறான். அவனுடைய மகன் எவர்ட்டன் பைத்தியம். தகப்பனையும் பிடித்து இழுத்துவிட்டான். 2022 மே 19 இரவு, இங்கே பெற்றோல் வரிசையும் மின்வெட்டுமாகக் கிடந்த நாட்கள், எவர்ட்டனுக்குத் தரமிறக்கத்தைத் தீர்மானிக்கும் ஆட்டம். 1954 முதல் ஒரு தரமும் மேற்பிரிவை விட்டு இறங்காத கழகம். கூடிசன் பார்க்கில் கிறிஸ்டல் பலஸ் இடைவேளைக்கு முன்பே இரண்டு கோல் போட்டுவிட்டது. பிறகு எவர்ட்டனுக்கு மைக்கல் கீன் ஒன்று, றிச்சார்லிசன் ஒன்று, 85ஆவது நிமிடத்தில் கல்வர்ட்-லூவின் தலையால் இடித்த மூன்றாவது. சனம் மைதானத்துக்குள் பாய்ந்துவிட்டது. இங்கே விடியச் சாமத்தில் லண்டன்காரன் தொலைபேசியில் எடுத்தான், தொண்டை அடைத்திருந்தது. மூன்று கோல்களையும் விட்டுவிட்டு, அந்த மாதம் முதலாம் தேதி செல்சிக்கு எதிரான ஆட்டத்தில் எவர்ட்டன் கோல் காப்பாளன் பிக்போர்ட் கோல் கோட்டின்மேல் பிடித்த பந்தைத்தான் முதலில் சொன்னான். "அது இல்லாட்டி இண்டைக்கு இது இல்ல மச்சான்." கல்வர்ட்-லூவினுக்குக் கடைசியில்தான் வந்தான். வட்டை வரம்பில் கேட்ட அந்த முறை நாற்பது வருசம் கழிந்தும் அவன் வாயில் பிசகாமல் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கியது.

இப்போது எங்கள் பக்கத்தில் பொடியன்களுக்குச் சட்டை இருக்கிறது, பூட்ஸ் இருக்கிறது, வெளிநாட்டுக் காசில் கிண்ணமும் இருக்கிறது. நன்றாக ஆடுகிறார்கள். 2021இல் இலங்கையில் சுப்பர் லீக் தொடங்கியபோது பத்துக் கழகங்கள் ஆடின. வடக்கு கிழக்கிலிருந்து ஒன்றுகூட இல்லை. கீழே இறங்குவதற்கும் முதலில் ஏணியில் ஓரிடம் வேண்டும். அது எனக்கு ஆறாத கவலை. இன்னொரு கவலையும் உண்டு. விசில் ஊதியதும் மோட்டார் சைக்கிள்கள் கிளம்பிவிடுகின்றன. ஆட்டத்தைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள், ஆனால் தோற்ற பொடியனைப் பாரில் இருத்தி உருட்டிக்கொண்டு போக ஒரு பெரியவர் நிற்பதில்லை. நிற்க வேண்டிய பெரியவர்கள் நாங்கள்தான். எங்களில் மிச்சம் கொஞ்சப் பேர்.

எங்கள் கோல் காப்பாளன் 1990இல் ஒரு நாள் ஆற்றைக் கடந்து போனவன். திரும்பவில்லை. அவன் மகள் அப்போது தாயின் வயிற்றில். இப்போது அவள் களுவாஞ்சிகுடிப் பக்கம் படிப்பிக்கிறாள். தகப்பனின் படம் என்று அவளிடம் இருப்பது அடையாள அட்டையில் இருந்த ஒன்று மட்டும். போன மாசம் என்னைக் காண வந்தவள், "மாமா, அப்பா விளையாடினதக் கண்ட ஆக்களெல்லாம் கண்டபடி சொல்றாங்க. நீங்க ஒருக்கா ஒழுங்கா எழுதித் தாங்க" என்றாள். கால் சத்தத்தில் பிடித்ததையும், மூக்கில் இரத்தம் வந்ததையும், பெரியவர் கேட்டதையும் அவளுக்காகத்தான் எழுதினேன். லண்டன்காரனுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாம் சரி, ஆனால் மூன்றாவது பந்து காப்பாளனில் படவில்லை, தானாக வெளியே போனது என்கிறான். அவன் வலது கரையில், அந்தக் கோலுக்கு வெகு தூரத்தில் நின்றவன். நான் கோல் கம்புக்குப் பின்னால் பந்து பொறுக்க நின்றேன். காப்பாளனின் கெண்டைக்காலில் பந்து பட்ட சிவப்பை நான் கண்டேன். மகளுக்கு மூன்று என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.