நீரில் ஒரு வீரர்

சென்னை மெரினா நீச்சற்குளத்தில், ஒரு ஞாயிறு காலை, இடுப்பளவு நீரில் கம்பியைப் பற்றி நின்றிருந்தார் ஓர் இளைஞர். வினவினேன். பரங்கிமலையில் 1963இல் தொடங்கப்பெற்ற இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயில்பவராம், ஊர் ஜெய்சல்மேர். விடுப்பு நாளிலும் நீந்தப் பழக வந்திருந்தார்.

"துப்பாக்கி பழகிவிட்டது ஐயா, தண்ணீருக்குத்தான் அஞ்சுகிறேன்" என்றார் ஆங்கிலத்தில். வகுப்பில் ஐயம் கேட்கவும் கூசும் மாணவரையே கண்டு பழகிய எனக்கு அவ்வெளிப்படை பிடித்திருந்தது.

பிள்ளைகளுக்கு நீச்சலும் வில்வித்தையும் கற்பிக்குமாறு உமர் (ரலி) அவர்கள் பணித்ததாக எம் பெரியோர் சொல்வர். காயல்பட்டினக் கடலோரம் வளர்ந்த எனக்கு நீச்சல் விளையாட்டு. பாலை மண்ணில் பிறந்தவருக்கோ அதுவே முதற்போர்.

மல்லாந்து சாயச் சொல்லி, முதுகுக்கடியில் கை கொடுத்தேன். உடல் விறைத்தது. "மூச்சை நிறைத்துக்கொள்ளுங்கள், தம்பி" என்றேன். நெடுநேரம் கழித்துக் கையை மெல்ல விலக்கினேன். அஃதறியாமல், கண்மூடி மிதந்துகொண்டிருந்தார்.