ஓடுபாதையின் ஓரத்தில்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பேருந்து பாதி வளைவுகளைக் கடந்ததும் காது அடைத்துக்கொள்ளும். எச்சிலை விழுங்கினால் 'டப்' என்று திறக்கும். சமவெளியிலிருந்து வரும் விருந்தினர் இதற்கு அஞ்சுவர். மலையில் பிறந்தவர்களோ பேச்சை நிறுத்தாமலே விழுங்கிவிட்டுத் தொடர்வார்கள். பின்னாளில் முதன்முதலாக வானூர்தியில் ஏறியபோது என் பக்கத்து இருக்கைக்காரர் இரு காதுகளையும் பொத்திக்கொண்டார். எனக்கு ஊருக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்திருப்பதுபோலவே இருந்தது.

அந்த ஒப்புமை வெறும் உணர்வன்று என்பதைப் பிறகு படித்தறிந்தேன். வானூர்தி முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் பறந்தாலும், பயணியர் அறைக்குள் காற்றழுத்தத்தை ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கும் அளவுக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் மலையின் உயரம் ஏறத்தாழ நான்காயிரம் அடி. ஆகவே, வானில் செல்லும் பயணியின் காதும் நுரையீரலும் அறிவது எங்கள் மலையைப்போல இருமடங்கு உயரமுள்ள ஒரு மலையைத்தான். இதைச் சொன்னால் மலைப்பிள்ளைகள் முகத்தில் தோன்றும் பெருமிதத்தைக் காண்பதற்காகவே ஆண்டுதோறும் வகுப்பில் இதைச் சொல்லி வந்தேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது சாமைக் கொல்லையில் பரண்மீது அமர்ந்து கிளி ஓட்டுவது என் வேலை. கிளிகள் வராத பொழுதில் வானத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. மார்கழி, தை மாதக் காலைகளில் சில நாள், நீல வானத்தில் வெள்ளைக் கோடு ஒன்று மெல்ல நீளும். கோட்டின் முனையில் வெள்ளிப்பொட்டுப்போல ஏதோ மின்னும். ஓசை கேட்காது, கேட்டாலும் பொட்டு போன இடத்திலிருந்து வராமல் அதற்குப் பின்னாலிருந்து வரும். "யாரோ வானத்துல ஏர் ஓட்டுறாங்கடா, அது உழவுசால்" என்பார் என் பாட்டி. அந்தச் சால் பொறியிலிருந்து வெளிப்படும் நீராவி, உறைபனியினும் பன்மடங்கு குளிர்ந்த மேல்வானில் நொடியில் பனித்துகளாக உறைவதால் உண்டாவது என்று இன்று விளக்கிவிட முடியும். ஆனாலும் பாட்டியின் சொல்லைவிட நல்ல சொல் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. நிலப்படத்தில் சென்னைக்கும் கொச்சிக்கும் இடையே அளவுகோலை வைத்துக் கோடு கிழித்துப் பாருங்கள். அது எங்கள் மலைக்கு அதிகத் தொலைவில்லாமல் செல்லும். மலையின்மேல் நாங்கள் சாமை காத்துக்கொண்டிருந்த நேரத்தில் மேலே யாரோ தேநீர் அருந்திக்கொண்டு போனார்கள் என்பது எவ்வளவு வியப்பு!

தமிழாசிரியனாதலால் இங்கே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. புறநானூற்றின் 27-ஆம் பாடலில், ஓட்டுபவன் இல்லாமலே இயங்கும் வானவூர்தி பற்றிய குறிப்பு உண்டு; உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் அரசி விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்புகிறான். அவளே அதை இயக்கப் பழகியிருந்தாள். அது சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கே சீவகன் பிறக்கிறான். இவற்றைக் காட்டி, 'அன்றே நம்மவர் வானூர்தி செய்தனர்' என்று மேடையில் முழங்குவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம்மவர் கண்டது கனவு. செய்து பார்த்தவர்களின் கதை வேறு. 1910-இல் சென்னையில் உணவு விடுதி நடத்திவந்த தியாக்கோமோ தெ ஆஞ்சலிசு என்பவர் தாமே கட்டுவித்த சிறு வானூர்தியைப் பறக்கவிட்டு ஊராரை வியக்கவைத்தார். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் மூட்டையுடன் பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். இந்தியாவின் முறையான வான்போக்குவரத்து கடிதப் பைகளோடுதான் தொடங்கியது. மனிதர்கள் பின்னர்தான் ஏறினார்கள்.

நான் ஒரு தாரை வானூர்தி மேலெழுவதை முதன்முதலாக அருகில் கண்டது 1988-இல். திருச்சிராப்பள்ளியில் இளங்கலை படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதி நண்பரின் மிதிவண்டியில் இருவரும் மாறி மாறி மிதித்து நிலையத்தின் சுற்றுச்சுவர் வரை போனோம். அங்கே எங்களுக்கு முன்பே ஒரு சிறு கூட்டம் இருந்தது. குழந்தையைத் தோளில் வைத்திருந்த தந்தை, வேர்க்கடலை விற்பவர், யாரையோ வழியனுப்பிவிட்டு அழுது முகம் சிவந்திருந்த ஒரு பெண். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் அசைவுதான் தெரிந்தது. ஓசை பிறகு வந்தது. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று நொடி எடுத்துக்கொள்ளும் என்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தேன், கண்டது அன்றுதான். பிறகு அந்த ஓசை காதால் கேட்பதாக இல்லாமல் நெஞ்செலும்பில் கேட்பதாக மாறியது. முன்சக்கரம் தரையை விட்டது. மூக்கு உயர்ந்தது. முழு உடலும் ஒரு கணம் தயங்குவதுபோலத் தோன்றிப் பிறகு நிலத்தை விட்டது. கூட்டத்தில் யாரும் பேசவில்லை. அழுதுகொண்டிருந்த பெண் மட்டும் கையை உயர்த்தி அசைத்தார். மேலே இருப்பவருக்கு அது தெரிந்திராது.

வானூர்தி எப்படி எழுகிறது என்பதை அறிந்தால் வியப்புக் குறையும் என்று சிலர் கருதுகின்றனர். எனக்குக் கூடத்தான் செய்தது. ஏர்பஸ் 320 போன்ற ஒரு வானூர்தி முழுச்சுமையோடு 78 டன் வரை எடையுள்ளது. அதை இறக்கை தூக்குவது எளிய கணக்கால்தான்: இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. அதற்கு வேகம் வேண்டும். மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். காற்றை எதிர்த்து ஓடினால் அவ்வளவு வேகம் தரையில் தேவையில்லை. ஆகையால் வானூர்திகள் எதிர்காற்றில்தான் எழும். பட்டம் விட்ட சிறுவர் எவருக்கும் இது புரியும். திருச்சிராப்பள்ளியின் ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. அதன் இரு முனைகளிலும் 09, 27 என்னும் எண்கள் எழுதப்பட்டிருக்கும். திசைகாட்டியின் 90 பாகை கிழக்கு. 270 பாகை மேற்கு. கடைசிச் சுழியை விட்டுவிட்டு எழுதுகிறார்கள். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசும்போது 27-இல் ஓடி மேற்கு நோக்கி எழும். வாடைக்காலத்தில் பெரும்பாலும் 09.

என்னை மிகவும் ஈர்த்தது வேறொன்று. ஓட்டத்தின்போது விமானிகளுக்கு ஒரு 'முடிவு வேகம்' உண்டு. எடையும் வெப்பமும் ஓடுபாதையின் நீளமும் கொண்டு, புறப்படுமுன்பே அதைக் கணக்கிட்டு வைத்திருப்பார்கள். அந்த வேகத்துக்கு முன் ஏதேனும் கோளாறு தெரிந்தால் நிறுத்திவிடலாம். அதைக் கடந்துவிட்டால் ஒரு பொறி நின்றுபோனாலும் மேலெழுவதே பாதுகாப்பு. எஞ்சிய ஓடுபாதையில் நிற்க இடம் போதாது. அதனால் அந்த வேகம் அறிவிக்கப்பட்டவுடன் தலைமை விமானி விசைக்கோலிலிருந்து கையை எடுத்துவிடுவார். இனி நிறுத்தும் எண்ணமே கைக்கு வரக்கூடாது என்பதற்காக.

நான் வானூர்தியில் ஏற முப்பதாண்டுகள் ஆயின. 2018 மார்ச்சில் சேலத்திலிருந்து சென்னைக்கு மீண்டும் வான்சேவை தொடங்கியது. பாடநூல் பணிக்காகச் சென்னை செல்ல வேண்டியிருந்த ஒருமுறை அதில் சென்றேன். தாரை வானூர்தி அன்று. சுழல்விசிறி பூட்டிய சிறிய ஊர்தி. வலப்பக்கச் சன்னலோரம் கேட்டு வாங்கிக்கொண்டேன். சேர்வராயன் மலை கீழே நழுவியபின், தென்கிழக்கில் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. எங்கள் மலைதான் என்று நம்பினேன். எழுபது வளைவுகளும் எங்கோ அந்தக் கோட்டுக்குள் சுருண்டு கிடந்தன. பரண்மீது அமர்ந்து யாரேனும் பார்க்கிறார்களா என்று தேடும் அளவுக்கு மனம் பின்னோக்கிப் போய்விட்டது.

2023-ஆம் ஆண்டு ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, மேனிலை வகுப்பு மாணவர்களைத் திருச்சிராப்பள்ளிக்கு அழைத்துச் சென்றோம். நாமக்கல், தொட்டியம், முசிறி எனக் காவிரிக் கரையோரமாகப் பயணம். மலைக்கோட்டையும் கல்லணையும் திட்டத்தில் இருந்தன. சுற்றுச்சுவர் என் சொந்தச் சேர்க்கை. வேர்க்கடலைக்காரர் நின்ற இடத்தில் இப்போது கரும்புச்சாறு வண்டி நின்றது. மற்றபடி அதே கூட்டம், அதே பக்கம் பார்க்கும் முகங்கள்.

மாணவர்கள் கூச்சலிட்டனர். கைப்பேசியில் படம் எடுத்தனர். ஒரு மாணவி மட்டும் படம் எடுக்கவில்லை. வானூர்தி மறைந்த பின்னும் காற்றுப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவருக்கு அப்பால் கம்பத்தில் கட்டிய அந்தத் துணிப்பை கிழக்கு நோக்கி நீண்டு ஆடியது.

"ஐயா, காற்று மேற்கிலிருந்து வருது. அதனாலதான் அந்தப் பக்கம் போச்சா?"

"ஆமாம்மா. சரியாகச் சொன்னாய்."

"இதை ஓட்டுறதுக்கு என்ன படிக்கணும் ஐயா?"

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் வேண்டும் என்பதே அப்போதைய விதி. அதை நான் அறிந்திருந்தேன். வாய் திறந்தவன் சொல்லாமல் நின்றுவிட்டேன். அதற்கு முந்தைய ஆண்டு சூன் மாதம், பத்தாம் வகுப்பில் கணிதத்தில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்த இதே பெண் என்னிடம் வந்து எந்தப் பிரிவில் சேரலாம் என்று கேட்டாள். கலைப்பிரிவில் சேரச் சொன்னவன் நான். விடுதியில் தங்கிப் படிப்பவள், தனிப்பயிற்சிக்கு வழியில்லை, அறிவியல் பிரிவு கடினம், இதில் தேர்ச்சி உறுதி என்று அக்கறையோடுதான் சொன்னேன். அவள் என்ன ஆக விரும்புகிறாள் என்று கேட்கவில்லை. பரண்மேல் உட்கார்ந்து வெள்ளைக்கோட்டைப் பார்த்த பையனிடம் யாரும் கேட்கவில்லை என்ற குறை எனக்கு உண்டு. அதே தவற்றை நான் செய்திருந்தேன்.

திரும்பும் வழியெல்லாம் சன்னலைப் பார்த்தபடி வந்தேன். காரவள்ளி தாண்டி வளைவுகளில் பேருந்து ஏறத் தொடங்கியபோது எழுந்துபோய் அவளருகில் நின்று உண்மையைச் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ முடிவு வேகம் தாண்டியாச்சா ஐயா?" என்றாள். நான் வகுப்பில் சொன்னதை எனக்கே திருப்பித் தந்தாள். எனக்குப் பதில் வரவில்லை. காது அடைத்திருந்தது, விழுங்கிக்கொண்டேன்.

அடுத்த ஒரு வாரம் நான் செய்ததெல்லாம் விசாரிப்புதான். தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் வழியாக இயற்பியலையும் கணிதத்தையும் தனிப்பாடங்களாக எழுதித் தேறலாம் என்று அறிந்தேன். வணிகவியல் படித்துவிட்டு இவ்வழியில் விமானியானவர்கள் உண்டு. வணிக விமானி உரிமத்துக்கு 18 வயதும், 200 மணிநேரம் பறந்த பட்டறிவும், கடுமையான மருத்துவத் தகுதியும் வேண்டும். பயிற்சிச் செலவு பல பத்து இலட்சம். இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, செலவையும் மறைக்காமல் எழுதி, அவளுடைய வீட்டுக்குச் சென்றேன்.

அன்னாசித் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்த தந்தை தாளை வாங்கி, கடைசி வரியைத்தான் முதலில் படித்தார். "வாத்தியாரே, இவ்வளவு பணத்த நாங்க கண்ணால பாத்ததில்லையே" என்றார். உண்மை. என்னிடமும் விடையில்லை. அவளுடைய பாட்டிதான் பேசினார். "பொம்பளைப் புள்ள அத ஓட்டுமா, தம்பி?" 1936-இலேயே சரளா தக்ரால் என்னும் இந்தியப் பெண் தனியே வானூர்தி ஓட்டியதையும், விமானிகளுள் பெண்களின் பங்கு உலகச் சராசரியைவிட நம் நாட்டில் மிகுதி என்பதையும் சொன்னேன். பாட்டி தலையசைத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. விசயையின் மயிற்பொறியைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரோ என்னவோ!

முடிவாக, தேர்வுக் கட்டணம் பெரிதில்லை, அதை மட்டும் இப்போது கட்டுவோம் என்று தந்தை சொன்னார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். எங்கள் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் விடுமுறை நாள்களில் அவளுக்குப் பாடம் சொன்னார். கணிதத்தில் முதல் முயற்சியிலேயே தேறினாள். இயற்பியலில் தோற்றாள். தோல்வியைச் சொல்ல வந்தபோது அழவில்லை. எந்தெந்த வினாக்களில் தவறினாள் என்ற பட்டியலோடு வந்தாள். கல்விக்கடன் விதிகளையும் உதவித்தொகை அறிவிப்புகளையும் நாங்கள் இன்னும் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

சென்ற ஆடியில் விடுமுறைக்கு வந்தவள், சீக்குப்பாறைக் காட்சிமுனையில் என்னைக் கண்டாள். கையில் இயற்பியல் புத்தகம். மறுதேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. கீழே சமவெளியில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. காற்று எங்கள் துணிகளைப் பிடித்து இழுத்தது. புத்தகத்தின் ஓரங்கள் படபடத்தன. அவள் ஒரு விரலை எச்சிலில் நனைத்து உயர்த்திப் பார்த்தாள்.

"இன்னைக்கும் 27 தான் ஐயா" என்றாள்.