ஓசிப் பரீட்சை

1998-ல் நான் எம்.சி.எஸ்.இ. ஆனேன். விண்டோஸ் என்.டி. 4.0, ஆறு பரீட்சை. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. சர்டிபிகேட்டை அப்பா ஃப்ரேம் போட்டு முருகன் காலண்டர் பக்கத்தில் மாட்டினார். வீட்டுக்கு வந்தவர் யாரும் அதைப் படிக்காமல் காபி குடிக்க முடியாது!

2000-ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது: விண்டோஸ் 2000-க்கு மாறாவிட்டால் 2001 முடிவோடு அந்தத் தகுதி காலாவதி. இருமல் மருந்து மாதிரி எக்ஸ்பயரி டேட்! நாலு பேப்பருக்குப் பதிலாக 70-240 என்று ஒரே பரீட்சை. நாலு மணி நேரம். ஃபீஸ் கிடையாது. ஆனால், ஒரே ஒரு தரம்தான். கோட்டை விட்டால் நாலையும் காசு கட்டித்தான் எழுத வேண்டும்.

ஓசிதானே என்று முதல்நாள் ராத்திரி கிரிக்கெட் பார்த்துவிட்டுப் போனேன். ஆக்டிவ் டைரக்டரி கேள்விகள் ஆரம்பித்ததும் ஏ.சி. ரூமிலேயே வேர்த்தது. ஃபெயில்!

"ரிசல்ட் தபால்ல வரும்ப்பா" என்றேன். கம்ப்யூட்டர் பரீட்சைக்குத் தபாலில் ரிசல்ட்! அப்பா நம்பினார். தினமும் வாசலில் நின்று தபால்காரரை மடக்கினார். பார்க்கச் சகிக்கவில்லை.

2001 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் மனசு மாறியது. பழைய தகுதியும் செல்லும்! அம்மாவிடம் ஓடி எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அன்னிக்கே தெரியும்டா. பரீட்சை முடிஞ்சு வந்து நீ சாப்பிடலையே. அப்பாகிட்டதான் சொல்லலை" என்றாள், வெறும் கழுத்தைத் தடவியபடி.

சங்கிலியை மீட்டது 2003-ல்.