கடலோரச் சாலையில் ஒரு முற்பகல்

நெல்லைச் சீமையிலே பிறந்து வளர்ந்தவனாயினும், உவரியிலிருந்து தூத்துக்குடி வரை செல்லும் கடலோரச் சாலையை முழுவதுமாகக் கண்டதில்லை என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. சென்ற ஆண்டு, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுவாரம், அக்குறை தீர்ந்தது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பங்கு இளைஞர் ஒருவர் தம் காரில் அழைத்துச் சென்றார். தூத்துக்குடியில் அவருடைய உறவினர் இல்லத்தில் புதுமனை மந்திரிப்பும் மதிய விருந்தும் இருந்தன. போகும் வழியில் கடலையும் பார்த்துவிடலாம் என்பது ஏற்பாடு.

காலையில் உவரி கப்பல் மாதா ஆலயம், பிறகு மணப்பாடு. மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே புனித சவேரியாரின் குகை, அப்பால் நீலக்கடல். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அம்மகான், அலையின் அழகைப் பார்க்க வந்தவரல்லர் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. காரில் ஏறுமுன் காலில் ஒட்டிய மணலைக் கழுவினோம். இளைஞர் ஊற்ற ஊற்ற, நான்கு தண்ணீர்ப் பாட்டில்களும் தீர்ந்தன.

திருச்செந்தூர், காயல்பட்டினம் கடந்து, ஆத்தூரை அடுத்துத் தாமிரபரணிப் பாலம். எட்டு அணைக்கட்டுகளின் வழியே வயல்களுக்குத் தன்னைப் பகிர்ந்தளித்துவிட்டுப் புன்னைக்காயலில் கடலைச் சேரும் ஆறு, அங்கே மெலிந்து கிடந்தது. கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்கென நாளொன்றுக்கு 20 மில்லியன் காலன் நீர் கொண்டுசெல்லும் திட்டம் ஒன்றும், அதை எதிர்த்து வழக்குகளும் உண்டு. ஆலைக்கு நீர் போகக் குழாய் இருக்கிறது. கடைமடை ஊர்களிலோ குடங்கள் வரிசையில் நிற்கின்றன.

தூத்துக்குடியை நெருங்கும்போது உப்பளங்கள். வெயிலில் பாத்திகள் கண்ணாடியாய் மின்ன, வரப்போரம் வெண்குவியல்கள். அழகில் மயங்கி, இறங்கிப் படம் எடுத்தோம். கூடை சுமந்து வந்த பெண்மணி ஒருவர் எங்களைக் கண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும். கண்கள் சிவந்து, பாதங்கள் பாளம் பாளமாய் வெடித்திருந்தன.

“தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்கய்யா. கொண்டாந்தது காலையிலேயே தீந்துட்டு.”

காரைத் துழாவினோம். ஒரு மடக்குத் தண்ணீர்கூட இல்லை. மணப்பாட்டில் என் கால்கள் குடித்துவிட்டன.

“போட்டும்யா” என்று சிரித்தார் அவர். மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் அம்மா என்று, பேச்சை மாற்றுவதற்காகவே கேட்டேன். அந்த மாதங்களில் வேலை இல்லை. அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம், பிறகு கடன் என்றார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய 2023 டிசம்பர் மழையில், வாரி வைத்த உப்பெல்லாம் கரைந்து போனதையும் சொன்னார். உப்பைப் பற்றி இருபத்தேழு ஆண்டுகளாக மறையுரை ஆற்றி வருபவன் நான். அதை வாரும் கால்களை அன்றுதான் அருகில் பார்த்தேன். சில நாட்களுக்கு முன்புதான், பெரிய வியாழனன்று, பன்னிருவர் பாதங்களைக் கழுவியிருந்தேன். எல்லாரும் வீட்டிலேயே நன்றாகக் கழுவிக்கொண்டு வந்திருந்தார்கள்.

முள்ளக்காட்டுக் கடையொன்றில் இளைஞர் காரை நிறுத்தினார்.

“ஃபாதர், ரெண்டு பாட்டில் வாங்கிட்டுத் திரும்பிப் போய்க் குடுத்துட்டு வந்திருவோமா? பத்து நிமிஷந்தான்.”

மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

“அங்கே எல்லாரும் காத்திருப்பாங்க தம்பி” என்றேன் நான்.