தனிக்கு எழாதவர்

தியாகராய நகர்ச் சபா ஒன்றில் மாலைக் கச்சேரி. விலை குறைந்த டிக்கெட்டுக்கான பின்வரிசைகளில், நடைவழியை ஒட்டிய ஓர நாற்காலியில் ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார். எழுபது வயது இருக்கலாம். சுங்குடிச் சேலை, காதில் சிறிய தோடு, மடியில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. உள்ளே வந்ததும் முதல் வேலையாகத் தலைக்கு மேல் குளிர்காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்தார். பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துச் சேலைக்கு மேலேயே போட்டுக்கொண்டார். கைபேசியை அணைத்துப் பைக்கு அடியில் செருகினார். அதன் பிறகு மேடையைப் பார்த்தார்.

மேடையில் மிருதங்கக்காரர் கல்லால் வலந்தலையின் விளிம்பைத் தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். தொப்பிப் பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்பியாகிவிட்டது. திரை விலகுவதற்கு முன்பே பக்கவாட்டில் நின்று சரிசெய்வோரும் உண்டு. இவர் சபைக்கு முன்னால் நிதானமாகச் செய்தார். அந்தத் தட்டலையே அந்த அம்மா கச்சேரியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பின்வரிசையில், கொஞ்சம் தள்ளி என் நாற்காலி. பாடகியைக் கேட்க வந்தவன்தான் நான். ஆனால் வர்ணம் முடிவதற்குள் என் கண் அந்த அம்மாவின் வலது கையிடம் போய்விட்டது. தொடையில் ஓசையில்லாத ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஆதி தாளத்தின் எட்டு அட்சரமும் விரலுக்குப் பழகிப்போன கை. தாளம் போடுகிறவர்கள் சபையில் நிறையப் பேர் உண்டு. பலர் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவேண்டும் என்று போடுவார்கள். இந்தக் கை சேலைத் தலைப்புக்குள் கிடந்தது.

அவருக்கு அடுத்த நாற்காலியில் லேப்டாப் பையோடு ஓர் இளைஞர், நேராக அலுவலகத்திலிருந்து வந்திருக்க வேண்டும். இரண்டு உருப்படிகள் முடிந்து பாடகி நிதானமாக ஓர் ஆலாபனையைத் தொடங்கினார். இளைஞர் கைபேசியை எடுத்து, எதையோ தேடி, வைத்துவிட்டார். கடைசியில் மெதுவாகச் சாய்ந்து கேட்டார்.

“தர்பாராம்மா?”

“நாயகி தம்பி.”

“ரெண்டும் எனக்கு ஒண்ணாவே கேக்குது.”

“எல்லாருக்கும் கேக்கும். காந்தாரத்துல அழுத்தி அழுத்தி நின்னா தர்பார். இது பாருங்க, ரிஷபத்துல வந்து இளைப்பாறுது.”

அவ்வளவுதான் பாடம். இளைஞர் இன்னொரு கேள்விக்கு வாயெடுத்தபோது அந்த அம்மா இடது கையை லேசாக உயர்த்தினார். வயலின் முறை வந்துவிட்டது.

இந்த டிசம்பரில் அவரை வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன். திருவல்லிக்கேணியில் ஒரு தடவை. மயிலாப்பூரில் டிக்கெட் இல்லாத மத்தியானக் கச்சேரியில், காலி நாற்காலிகளுக்கு நடுவில். பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில், தமிழிசைச் சங்க விழாவில். மியூசிக் அகாடமியில் காலை எட்டு மணி விளக்கவுரைக்கு ஒரு நாள் வந்திருந்தார். லய சம்பந்தமான தலைப்பு அன்றைக்கு. எங்கும் துணைக்கு ஆள் கிடையாது. எங்கும் ஓர நாற்காலிதான்.

சென்னையின் டிசம்பருக்கு இந்தக் களை வந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1927 டிசம்பரில் இங்கே காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் பலனாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. ஆண்டுக் கடைசியில் கச்சேரி வைக்கும் வழக்கம் மற்றச் சபைகளுக்கும் பரவிற்று. அதற்கு முன்பே, 1900இல், திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சபை தொடங்கியிருந்தது. 1943இல் தமிழிசைச் சங்கம் வந்தது. இன்று ஒரே மாலையில், ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்தில், நாலைந்து கச்சேரிகள். எதற்குப் போவது என்பதுதான் ரசிகரின் முதல் கஷ்டம். பெயர் பெற்ற பாடகருக்காகப் போகிறவர்கள் உண்டு. சிற்றுண்டிச்சாலையின் சமையல்காரர் யாரென்று கேட்டுப் போகிறவர்களும் உண்டு, அதிலும் குற்றமில்லை. இந்த அம்மா எதைப் பார்த்துப் போகிறார் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. பெரிய பெயர்கள் பாடும் நாளில் இவரைக் காணோம். பெயரே கேள்விப்படாத பையன் பாடும் மத்தியானத்தில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பார்.

மேடையில் காம்போதி தொடங்கியது. அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மெயின் அயிட்டம் எது என்று இனிச் சந்தேகமில்லை. ஆலாபனை, வயலின், பிறகு திருவரங்கத்துப் பெருமாள் மேல் தியாகராஜர் செய்த பெரிய கிருதி. இரண்டு களை ஆதி என்பதால் அந்த அம்மாவின் கையும் ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு முறை அசைந்தது. எல்லோரும் எதிர்பார்த்த வரியில்தான் நிரவல். கண்ணை மூடிக்கொண்டார். காம்போதி மேல் ஸ்தாயியில் போய் நின்றபோது சபை கைதட்டியது, இவர் தட்டவில்லை. கை வேறு வேலையில் இருந்தது.

கற்பனாஸ்வரம் வேகமெடுத்தது. பாடகி கணக்கில் இறங்கினார். அடுக்கடுக்காகக் குறைத்து, கோர்வை வைத்து, எடுப்பில் வந்து சரியாக விழுந்தார். அரங்கமே ஆர்ப்பரித்தது. அந்த அம்மா மட்டும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது.

“கணக்கை அந்தப் பிள்ளைகிட்ட விட்டுட வேண்டியதுதானே.”

அந்தப் பிள்ளை என்றது மிருதங்கக்காரரை. அவருக்கும் ஐம்பது வயது இருக்கும்.

பாடகி கையைக் காட்டி, தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை விட்டுக்கொடுத்துவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். அந்த நொடியில் அரங்கத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. வரிசை வரிசையாக ஜனம் எழுந்தது. கதவு திறந்து திறந்து மூடியது. ஒவ்வொரு முறையும் நெய்யில் முந்திரி வறுபடும் வாசனை உள்ளே வந்தது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்ததாகச் சொல்லும் கச்சேரி முறையில் தனிக்கு ஒரு மரியாதையான இடம் உண்டு. பெரிய உருப்படி முடியும் நேரத்தில், சபை சூடேறிய பின்பு வரும் இடம் அது. அதையே காபி குடிக்கும் நேரமாக்கிக்கொண்டது ரசிகர்களின் கைங்கரியம்.

அந்த அம்மா சேலைத் தலைப்புக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்துத் தொடையில் வைத்தார். மாலை முழுவதும் மறைந்து கிடந்த கை இப்போது பகிரங்கமாகத் தட்டுகிறது. அவர் வரிசையில் உள்ளே இருந்தவர்கள் வெளியே போக அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒருவர், பின்னால் இன்னொருவர், தொப்பையும் பையுமாக ஒரு தம்பதி. முழங்கால்களை ஒரு பக்கமாகச் சாய்த்து வழிவிடுகிறார். தாளம் பிசகவில்லை. மேடையை மறைத்து நின்றவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவருக்குத் தேவை காதுதான்.

மிருதங்கம் நிதானமாகத் தொடங்கி நடையை விரித்தது. பிறகு கஞ்சிரா. கஞ்சிராக்காரர் தோலின் உட்பக்கம் தண்ணீரைத் தெளித்துத் தடவிக்கொண்டார். ஈரம் ஏறினால்தான் அந்தக் கீழ்ச் சுருதியின் கும்காரம் வரும். ஒரு கையில் பிடிக்கிற சின்ன வாத்தியம் அது. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்து நிலைநாட்டியது. அவர் வழியில் வந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கையால் வாசித்தே மிருதங்கத்தில் தனிப்பாணி கண்டார். மிருதங்கம் சொன்னதைக் கஞ்சிரா திருப்பிச் சொன்னது. சொல்லச் சொல்லக் கேள்வி சுருங்கியது, பதிலும் சுருங்கியது. இந்தக் குறைப்பு நடக்கும்போது அந்த அம்மாவின் உதடுகள் அசைவதைக் கவனித்தேன். வாய்க்குள் சொற்கட்டு ஓடுகிறது. இருவரும் சேர்ந்து மோரா வாசித்து, கோர்வையை மும்முறை சுற்றி எடுப்பில் இறக்கியபோது, “அடடா” என்றார். அன்று மாலை அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு அதுதான்.

பாதி அரங்கம் காலி. பாடகி பல்லவியை எடுத்துப் பாடி முடிக்கையில் ஜனம் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தது. இளைஞர் எழுந்து போகவில்லை. பக்கத்தில் இருப்பவர் அசையாதபோது தான் மட்டும் எழுந்து போகக் கூச்சப்பட்டிருக்க வேண்டும்.

“நீங்க மிருதங்கம் கத்துக்கிட்டீங்களாம்மா?”

“கத்துக்கல தம்பி. கும்பகோணம் பக்கம் எங்கூரு. கோயில் தெருவுல வீடு. திருவிழாவுல ராத்திரி சாமி பொறப்பாடு. மல்லாரி வாசிச்சு சாமி வெளிய வந்துச்சுன்னா நாலு வீதி சுத்தி நிலைக்கு வர விடிஞ்சிரும். முக்குக்கு முக்கு நின்னு நாயனம் வாசிப்பாங்க. ஒரு தெரு பூரா ஒரே தோடி. ஸ்பெஷல் தவில் வந்திருக்குன்னா சுத்துப்பட்டு ஊர் ஜனமெல்லாம் வண்டி கட்டிக்கிட்டு வந்துரும். நாங்க பிள்ளைங்க திண்ணையில படுத்துக்கிட்டே கேப்போம்.”

“அங்க தவில் தனிக்கு யாரும் எழுந்து போகமாட்டாங்களா?”

“எங்க போறது? தனிக்குத்தானே தம்பி வந்திருக்கு கூட்டம்.”

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். “பாட்டுல வார்த்தை இருக்குங்கிறதே எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும். கோபாலகிருஷ்ண பாரதியோட ஆபோகிப் பாட்டு இருக்கே, அதை நாயனத்துலதான் மொதல்ல கேட்டேன். அப்புறம் ஒரு நாள் ரேடியோவுல யாரோ வார்த்தையோட பாடுறாங்க. அட, இதுக்கு அர்த்தம் வேற இருக்கான்னு ஆயிப்போச்சு.”

ஒருவருடைய ரசனையை அவரே உட்கார்ந்து தேர்ந்தெடுத்துக்கொண்டதாகத்தான் நாம் பேசுகிறோம். எனக்கு இன்ன ராகம் பிடிக்கும், இன்னார் பாட்டு பிடிக்காது என்று அடித்துச் சொல்கிறோம். இந்த அம்மாவுக்குத் திண்ணையில் அரைத்தூக்கத்தில் கிடந்தபோதே அது முடிவாகிவிட்டது. ராகம் என்றால் தெருவளவு நீளம் வேண்டும். தாளம் என்றால் எதிரில் ஆள் நின்று வாசிக்க வேண்டும். சொல் பிறகு வரலாம், வராமலும் போகலாம். நாதஸ்வரத்தைத் தொடக்க நாளில் மங்கல இசையாக வாசிக்கவைத்து, அது முடிவதற்குள் வணக்கங்களும் குசல விசாரிப்புகளும் நடக்கிற அரங்குகளில், அந்தத் தெருவின் மிச்சத்தை இவர் தேடிப் பார்க்கிறார். பத்துப் பன்னிரண்டு நிமிடத் தனியில் அது அவருக்கு அகப்படுகிறது.

முன்பக்கமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு துண்டுச் சீட்டு கைமாறிக் கைமாறி இவரிடம் வந்தது. நேயர் விருப்பம். மற்றவர்கள் மடித்தபடியே அனுப்பியதை இவர் கூச்சமில்லாமல் விரித்துப் படித்தார். படித்துவிட்டுப் பழையபடி மடித்து, முன் வரிசைக்காரரின் தோளைத் தட்டிக் கொடுத்தார். இளைஞர் கண்ணாலேயே என்ன என்று கேட்டார்.

“எம்.எஸ். பாட்டு. ராஜாஜி எழுதினது.”

“உங்களுக்குப் பிடிக்காதா?”

“எம்.எஸ். பாடினா பிடிக்கும்.”

சீட்டு மேடைக்குப் போய்ச் சேர்ந்தது. பாடகி சிரித்துத் தலையசைத்தார். சிவரஞ்சனியில் தொடங்கியதுமே அரங்கம் கைதட்டியது. அந்த அம்மா ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். பாட்டு காபிக்கு மாறியபோது நடைவழியில் இருந்தார். சிந்துபைரவி வருவதற்குள் வெளியே போய்விட்டார். தனிக்கு எழுந்து போனவர்கள் எல்லோரும் இப்போது கண் கலங்க உட்கார்ந்திருந்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் அந்தப் பாட்டுக்காக வந்தவர்கள்.

நானும் எழுந்து வந்தேன். இளைஞர் எனக்கு முன்பே வந்து அவரோடு நின்றிருந்தார். அந்த அம்மா வாசல் விளக்கடியில் பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் காபி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். சிற்றுண்டிச்சாலை பத்தடி தூரத்தில் ஜகஜ்ஜோதியாக இருந்தது. அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இன்னொரு கையில் சீசன் அட்டவணை. ஓரங்கள் மடங்கி, எண்ணெய் பட்டு, பென்சில் வட்டங்களால் நிறைந்திருந்தது. கடந்து போகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். வட்டங்கள் எதுவும் வரிகளின் தொடக்கத்தில் இல்லை. பாட்டு, வயலின் இரண்டையும் தாண்டி மூன்றாவது பெயரின் மேல் விழுந்திருந்தன.

“நாளைக்கு எங்கம்மா போறீங்க? நானும் வரேன்.”

“மயிலாப்பூர். மத்தியானம் ரெண்டு மணிக்கு. டிக்கெட் கிடையாது, நேரத்தோட வாங்க.”

“யாரு பாடுறாங்க?”

அட்டவணையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“பாட்டு யாரோ ஒரு பொண்ணு தம்பி. மிருதங்கம் யாருன்னு கேளுங்க, சொல்றேன்.”