எந்த மாதம் போகலாம்?

சென்ற மாதம் ஒரு பழைய தோழி தொலைபேசியில் அழைத்தாள். நானும் அவளும் ஒரே கல்லூரியில் தமிழ் நடத்தியவர்கள். என்னைவிட நான்கு வயது இளையவள். கணவர் மறைந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நலம் விசாரித்து முடித்தபின் சற்றுத் தயங்கி, "அக்கா, நீங்க தனியாக் கப்பல்ல அலாஸ்கா போயிட்டு வந்தீங்களாமே. எந்த மாசம் போனா நல்லது?" என்று கேட்டாள். மே மாதம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். வழிகாட்டி நூல்களில் பலவும் அதைத்தான் சொல்கின்றன. என் கணவரின் நோட்டும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் நான் போனது செப்டம்பரில். ஏன் என்று விளக்கத் தொடங்கி ஐந்தே நிமிடத்தில் பேச்சு வேறெங்கோ போய்விட்டது. சொல்ல நினைத்ததை எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

என் கணவர் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தவர். தஞ்சாவூர்க்காரர். காலையில் செய்தித்தாள் வந்ததும் முதலில் பார்ப்பது மேட்டூர் அணையின் நீர்மட்டம். மகன் சியாட்டிலில் இருப்பதால் நாங்களும் இங்கே வந்து குடியேறிய பிறகு, பார்ப்பதற்கு அணை இல்லாமல் அவருடைய காலைகள் வெறுமையாகிவிட்டன. அப்போதுதான் அலாஸ்கா பிடித்துக்கொண்டது. கோடு போட்ட ஒரு நோட்டில் மே முதல் செப்டம்பர் வரை ஐந்து கட்டங்கள் வரைந்து, ஜூனோ, ஸ்காக்வே, கெச்சிக்கன் என்று மூன்று ஊர்களின் மழையளவையும் எழுதினார். கெச்சிக்கனில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. "நம்ம ஊரில் மூன்றரை வருஷம் பெய்யறதை இங்கே ஒரே வருஷத்துல பெய்து தீர்த்துடறது" என்று வியந்தார். அதே கடலோரத்தில் இருக்கும் ஸ்காக்வேயில் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான், மலைகள் மறைத்துக்கொள்கின்றன.

அந்த ஐந்து கட்டங்களையும் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். என் தோழிக்கு உண்மையில் வேண்டியது அதுதான். பெரிய பயணக் கப்பல்கள் அலாஸ்காவுக்கு ஓடுவது ஏறக்குறைய இந்த ஐந்து மாதங்கள்தாம். மே மாதத்தில் மழை குறைவு, கூட்டம் குறைவு, கட்டணமும் குறைவு. மலைச்சரிவுகளில் பனி இன்னும் மிச்சமிருக்கும். குளிர் தாங்க வேண்டும். ஜூனில் பகல் நீண்டுவிடுகிறது. ஜூனோவில் மாதக் கடைசி வாரத்தில் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் பகல். இரவு பத்து மணிக்கு மேல்தளத்தில் நின்று புத்தகம் படிக்கலாம். ஜூலை வெதுவெதுப்பான மாதம். பள்ளி விடுமுறை என்பதால் கப்பலில் குழந்தைகள் நிறைந்திருப்பார்கள். கட்டணம் உச்சத்தில் இருக்கும். ஆகஸ்டில் சால்மன் மீன்கள் ஆறுகளில் ஏறும், அவற்றைத் தேடிக் கரடிகள் வரும், மழையும் கூடிக்கொண்டே போகும். ஹவாயில் குளிர்காலத்தைக் கழிக்கும் கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் கோடை முழுதும் இந்த நீரில்தான் இரை தேடுகின்றன. ஆகவே அவற்றுக்காக மாதம் பார்க்க வேண்டியதில்லை. செப்டம்பரில் பகல் சுருங்கும், மழை வலுக்கும், திறந்த கடலில் காற்று எழும். கடைகளில் மிச்சச் சரக்கைத் தள்ளுபடியில் விற்பார்கள். சிறு சுற்றுலாக்காரர்கள் சிலர் மூட்டை கட்டிவிடுவார்கள்.

மே கட்டத்துக்கு நேரே அவர் ஒரு சரி அடையாளம் போட்டிருந்தார். செப்டம்பருக்கு நேரே ஒரே சொல்: "தவிர்க்க."

2020 மே மாதத்துக்கு இரண்டு பேருக்கும் முன்பதிவு செய்தோம். அந்த ஆண்டு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கனடா தன் துறைமுகங்களைப் பெரிய கப்பல்களுக்கு மூடியது. பணம் திரும்பி வந்தது. அடுத்த ஆண்டும் கனடா திறக்கவில்லை. 2022இல் கப்பல்கள் முழுமையாக ஓடத் தொடங்கியபோது அவர் இல்லை.

நோட்டு மேசை இழுப்பறையில் கிடந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 தொடக்கத்தில், அதை எடுத்து மகனிடம் காட்டி, போகலாம் என்று இருக்கிறேன் என்றேன். அவனுக்கு மகிழ்ச்சிதான். "ஜூலைல போலாம்மா, பசங்களுக்கு லீவு. நாலு பேருக்கு ரெண்டு ரூம், உனக்கு ஒண்ணு" என்று உடனே கணக்குப் போட்டான். "நான் மட்டும்" என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் கோபமில்லை, பயம் இருந்தது. அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற பயம்.

அவனைக் குறை சொல்ல முடியாது. அறுபத்து மூன்று வயதுவரை நான் ஒரு பயணத்துக்கும் நாள் குறித்ததில்லை. என் தந்தை பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறிப்பார். திருமணத்துக்குப் பின் கணவரின் விடுப்பு. இங்கே வந்தபின் பேரக்குழந்தைகளின் பள்ளி நாட்காட்டி. இத்தனைக்கும் நான் வகுப்பறையில் ஆண்டுதோறும் பொழுதுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவள். முல்லைக்குக் கார்காலம், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், பாலைக்கு வேனிலும் பின்பனியும் என்று பலகையில் எழுதுவேன். மருதத்துக்கும் நெய்தலுக்கும் மட்டும் ஆறு பெரும்பொழுதும் உரியவை. கடலுக்கென்று ஒரு பருவத்தை நம் இலக்கண ஆசிரியர்கள் ஒதுக்கவில்லை. ஏன் என்று ஒரு மாணவி கேட்டபோது, "மீன் எல்லாக் காலத்திலும் கிடைக்கும்" என்று சொல்லிச் சமாளித்தது நினைவிருக்கிறது. கடல்வழிப் பயணம் பெண்களோடு நிகழ்வதில்லை என்ற தொல்காப்பிய விதியையும் அதே குரலில்தான் நடத்தினேன். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதையும்தான்.

கட்டணத்தைப் பார்க்க உட்கார்ந்தபோது ஒரு செய்தி தெரியவந்தது. கப்பலில் ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று விளம்பரம் செய்யும் தொகை, அறையில் இருவர் தங்குவார்கள் என்ற கணக்கில் போட்டது. தனியாக வருபவர் பெரும்பாலும் இரண்டாவது ஆளுக்கான தொகையையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஒருவருக்கென்றே கட்டிய சிறிய அறைகள் சில கப்பல்களில் உண்டு, எண்ணிக்கை குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். பருவத்தின் இரு ஓரங்களில், அதாவது மே தொடக்கத்திலும் செப்டம்பரிலும், அறைகள் மீந்துபோவதால் இந்தக் கூடுதல் தொகையைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. தனியாகப் போகிறவர்கள் மழையளவுக்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும். வராத ஒருவருக்காகப் பணம் கட்டுவது என்று முதலில் படித்தபோது கணினியை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். மறுநாள் திரும்பி வந்து பார்க்கையில், மே மாதத்தில் போனால் அது அப்படியே அவருடைய பயணமாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அவர் சரி போட்ட கட்டத்தில், அவர் போட்ட வரிசைப்படி, அவர் இடத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு நான் போய்வருவேன். அதை என்னால் தாங்க முடியும் என்று தோன்றவில்லை.

செப்டம்பரைத் தேர்ந்தெடுத்ததற்கு எண்ணிச் சொல்லக்கூடிய காரணங்களும் உண்டு. கூடுதல் கட்டணம் குறைந்தது. குழந்தைகள் இல்லாத கப்பலில் என் வயதுக்காரர்கள் அதிகம் இருப்பார்கள். இருட்டும் இரவுகள் என்பதால் வானம் தெளிந்தால் வடதுருவ ஒளி தெரியலாம். காற்றைப் பற்றிய அச்சத்துக்கு வழி கண்டுபிடித்தேன். சியாட்டிலிலிருந்து கிளம்பும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு வெளிப்புறமாகத் திறந்த பசிபிக்கில் போகின்றன. கனடாவின் வான்கூவரிலிருந்து கிளம்புபவை தீவுகளுக்கும் கரைக்கும் நடுவே உள்வழியாகப் போகின்றன. அலைக்கு மறைவு உண்டு. மே மாதத்தில் எந்தத் துறைமுகமானாலும் பெரிய வேறுபாடில்லை, செப்டம்பரில் உண்டு. பேருந்தில் எல்லையைக் கடந்து வான்கூவர் போனேன். கப்பல் கிளம்பியது ஒரு புதன்கிழமை. புதனன்று வடக்கே சூலம். பரிகாரமாகத் துறைமுகத்தில் ஒரு கோப்பை பால் வாங்கிக் குடித்தேன்; அப்பாவுக்காக.

முதல் இரவு அறைக்குத் திரும்பியபோது இரண்டு தலையணைகளின்மேலும் ஒவ்வொரு சாக்லேட் இருந்தது. அறைப் பணியாளர் இந்தோனேசிய இளைஞர். மறுநாள் அவரிடம், நான் ஒருத்திதான் என்று சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன். பணம் கட்டியிருக்கிறோமே. ஏழு இரவுகளும் இரண்டு சாக்லேட் வந்தது. உணவுக்கூட வாசலில் "எத்தனை பேர்?" என்று கேட்டபோது முதல் நாள் குரல் எழவில்லை. இரண்டாம் நாள் மற்றவர்களோடு சேர்ந்து அமரும் மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதில் என்னைப் போலவே தனியாக வந்த மூன்று பெண்கள் இருந்தார்கள். குயின் சார்லட் சவுண்ட் என்ற இடத்தில் உள்வழி சில மணி நேரம் திறந்த கடலாகிவிடுகிறது. அங்கே நால்வரும் இஞ்சி மிட்டாயைச் சப்பியபடி பேச்சின்றி உட்கார்ந்திருந்தோம்.

ஜூனோவில் மழை. ஸ்காக்வேயில் வெயில். தங்கவேட்டைக் காலத்தில், 1898இல் தொடங்கி 1900இல் முடித்த ரயில் பாதையில் மலையேறினேன். சரிவெல்லாம் செம்மஞ்சளாக இலை மாறியிருந்தது. இது மே மாதத்தில் கிடைக்காது என்று மனம் கணக்குப் போட்டது.

மறுநாள் கிளேசியர் பே. 1794இல் ஜார்ஜ் வான்கூவரின் குழு வந்து பார்த்தபோது இது வளைகுடாவே அல்ல, கரையில் சிறு குழிவு. அதற்குப் பின்னால் பனிச்சுவர். 1916க்குள் அந்தப் பனி வாயிலிலிருந்து சுமார் 105 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. கப்பலில் ஏறிய பூங்காக் காவலர் பெண்மணி ஒலிபெருக்கியில் இதைச் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு, இன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நுழைகழிக்குள் போகப்போகிறோம் என்றார். கோடையில் அங்கே பனிமிதவைகளின்மேல் கடல்நாய்கள் குட்டி போட்டு வளர்க்கின்றன. அவற்றைக் கலைக்கக் கூடாது என்பதற்காக மே முதல் ஆகஸ்ட் முடிய பயணக் கப்பல்களுக்கு அங்கே அனுமதி இல்லை. செப்டம்பரில்தான் வழி திறக்கிறது.

மேல்தளத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபுறமும் செங்குத்தான பாறை, கடைசியில் நீலம் பாய்ந்த பனிமுகம், மிதவைகளின்மேல் கறுப்புப் புள்ளிகளாகக் கடல்நாய்கள். பெரிய துண்டு ஒன்று உடைந்து விழுந்தது. விழுவதைக் கண் பார்த்து முடித்த பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது. அப்போது எனக்குத் தோன்றியது இதுதான்: அவருடைய நோட்டில் இது இல்லை. மூன்று ஊர்களின் மழையைப் பத்தாண்டுச் சராசரியோடு எழுதியவருக்கு இந்த விதி தெரிந்திருக்கவில்லை. நாங்கள் மே மாதத்தில் வந்திருந்தால் இந்த இடத்தைப் பார்க்காமலே திரும்பியிருப்போம். நாற்பது ஆண்டு மணவாழ்க்கையில் ஒரு பயணத்தைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்தது அதுவே முதல் தடவை. சொன்னால், "அப்படியா?" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு உடனே நோட்டை எடுத்துத் திருத்துவார். சொல்ல ஆளில்லை. அழுகை வந்தது. பக்கத்தில் நின்ற மேசைத் தோழி ஒன்றும் கேட்காமல் தன் கையுறையைக் கழற்றி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கெச்சிக்கனில் அவருடைய கணக்கு தவறவில்லை. இறங்கியதிலிருந்து ஏறும்வரை மழை. ஊர் நடுவே ஓடும் சிற்றாற்றில் முட்டையிட்டு முடித்த சால்மன்கள் வெளிறிப்போய் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. இன்னும் சில நீரோட்டத்தை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தன. நாற்றம் தாங்கவில்லை. நான் கொண்டுபோயிருந்தது சியாட்டில் தூறலுக்கான மேலங்கி, உள்ளாடைவரை நனைந்தேன். வடதுருவ ஒளியை ஏழு இரவும் மேகம் மறைத்துவிட்டது. செப்டம்பரில் போகிறவர்கள் இவற்றையெல்லாம் எதிர்பார்த்துத்தான் போக வேண்டும்.

ஆகவே என் தோழிக்குச் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். நனையாமல் பார்க்க வேண்டுமென்றால் மே. நீண்ட பகல் வேண்டுமென்றால் ஜூன். பேரக்குழந்தைகளோடு என்றால் ஜூலை. கரடி பார்க்க ஆகஸ்ட். பணத்தைப் பார்த்தால் இரண்டு ஓரங்களில் ஒன்று. ஆனால் முதன்முறையாகத் தனியாகப் போகிறவள் இவற்றோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அந்த மாதத்தை யார் தேர்ந்தெடுத்தது என்பதை. அவள் கணவருக்குக் கடல் என்றால் ஆகாது. ஆகவே எந்த மாதமானாலும் அது அவளுடையதாகவே இருக்கும். அந்த வகையில் அவள் வேலை எளிது.

நோட்டின் ஐந்து கட்டங்களையும் படமெடுத்து அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். செப்டம்பர் கட்டத்தில் "தவிர்க்க" என்பதை அடிக்கவில்லை; அது அவர் எழுத்து. அதற்குக் கீழே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்று எழுதி, செப்டம்பர் 1 முதல் என்று தேதி போட்டிருக்கிறேன். பக்கத்தில், நல்ல மழைக்கோட்டு வேண்டும் என்றும்.