வரவு வேறு, செலவு வேறு

ஆறு கரையை அதிகமாகத் தின்ற ஆண்டுகளில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. வெளியே சொல்லக் கூசும் சந்தோஷம். செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆற்றுத் தீவுகள் தேய்வதையும் வளர்வதையும் அளப்பது என் வேலை. மாற்றம் பெரிதாக இருந்தால்தான் வரைபடம் எடுபடும், ஆய்வுக் கட்டுரையை ஏற்றுக்கொள்வார்கள், கருத்தரங்கில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள். ஒன்றும் நடக்காத ஆண்டின் படத்தை யாரும் இரண்டாவது முறை பார்ப்பதில்லை.

நான் அதிகம் பார்த்தது மாஜூலியை. அசாமில், தெற்கே பிரம்மபுத்திராவும் வடக்கே சுபன்சிரி முதலான ஆறுகளும் சூழ்ந்த தீவு அது. 2016இல் தனி மாவட்டமானது. ஆற்றுத் தீவு ஒன்று மாவட்டமானது நம் நாட்டில் அதுவே முதல் முறை. சங்கரதேவர் வழிவந்த வைணவ மடங்களான சத்ராக்களும், கால்கள் நட்டு உயரத்தில் கட்டிய மிசிங் மக்களின் வீடுகளும், நெல்வயல்களும் அங்கே உண்டு. அவற்றில் எதையும் நான் முதலில் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் நிறங்கள். அகச்சிவப்புப் பட்டையையும் சேர்த்துப் படத்தை விரித்தால் தண்ணீர் கறுப்பாகவும், மணல் வெள்ளையாகவும், பயிரும் மரமும் சிவப்பாகவும் தெரியும். பல ஆண்டுப் படங்களை வரிசையாக ஓட்டினால் ஆறு நெளியும். பார்க்க அத்தனை அழகு!

நான் பயன்படுத்தும் படங்களை எடுக்கும் செயற்கைக்கோள்களில் முதலாவதான லேண்ட்சாட் 1972இல் ஏவப்பட்டது. அதன் படத்தில் ஒரு புள்ளி தரையில் ஏறத்தாழ 80 மீட்டர் சதுரம், அதாவது ஒன்றரை ஏக்கர். 1980களில் வந்தவற்றில் 30 மீட்டர். நம் கணக்கில் 22 சென்ட். 2015இல் வந்த சென்டினல்-2இல் 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். முன்பு விலைக்கு விற்ற லேண்ட்சாட் படங்களை 2008 முதல் இலவசமாக்கினார்கள். என்னைப் போன்றவர்களுக்குப் பிழைப்பு கிடைத்தது அதனால்தான்.

தண்ணீர் பச்சை ஒளியை ஓரளவு திருப்பி அனுப்பும். அகச்சிவப்பைக் கிட்டத்தட்ட முழுதாக விழுங்கிவிடும். இந்த இரண்டின் வித்தியாசத்தை வைத்தே எது நீர், எது நிலம் என்று கணினி பிரித்துவிடும். மழைக்காலத்தில் மேகம் மறைப்பதால் டிசம்பர் முதல் மார்ச் வரையிலான படங்களைத்தான் பெரும்பாலும் எடுப்போம். மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களும் இப்போது கிடைக்கின்றன. கணினிக்குச் சுலபமான இந்த வேலையில் சிக்கல் இருப்பது வேறிடத்தில். நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினாலே பரந்த மணல்திட்டு வெளியே தெரியும். அதைத் தீவோடு சேர்ப்பதா, விடுவதா? நீரின் விளிம்பைக் கரை என்பதா, செடிகொடி தொடங்கும் கோட்டைக் கரை என்பதா?

இந்த ஒரு கேள்வியால் மாஜூலிக்குப் பல அளவுகள். 1917ஆம் ஆண்டு வரைபடத்தில் ஏறத்தாழ 751 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு 2001இல் 422 ஆகக் குறைந்தது என்கிறது ஓர் ஆய்வு. 2004இல் 502 ஆக இருந்தது 2016இல் 524 ஆகக் கூடியிருக்கிறது என்கிறது பிரம்மபுத்திரா வாரியம். உலகின் மிகப் பெரிய ஆற்றுத் தீவு என்று கின்னஸ் பதிந்த கணக்கில் 880. எதைக் கரை என்று கொண்டார்கள், எந்த மாதத்துப் படம் என்பதைச் சொல்லாவிட்டால் இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் பொருளில்லை. ஆனால் மேடையில் ஒரே எண்ணைத்தான் கேட்கிறார்கள். கூடியதில் குறைந்ததைக் கழித்து நிகரமாக ஒன்றைச் சொல்லிவிடுவது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

ஜோர்ஹாட் பக்கத்து நிமாட்டிகாட்டிலிருந்து படகேறி மாஜூலிக்குப் போனபோது சால்மோரா என்னும் பகுதியைப் பார்த்தேன். சக்கரமில்லாமல் கையாலேயே தட்டிப் பானை வனைபவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆற்றங்கரையில் ஆழத் தோண்டித்தான் களிமண் எடுப்பார்கள். அரிப்பு கடுமையாக உள்ள இடமும் அதுதான். ஒரு பெரியவரிடம் மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். நிறங்களை விளக்கியதும் அவர் விரலைக் கறுப்பின் நடுவே வைத்து, “என் பழைய வீடு இங்கே” என்றார். நான் சற்றுத் தள்ளியிருந்த வெள்ளைத் திட்டைக் காட்டி, இது புதிதாக வந்திருக்கிறது என்றேன். “அது மணல்தானே ஐயா? நெல் எப்போது விளையும்? பட்டா யார் பேரில்?” என்று கேட்டார். எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்த அரைகுறை இந்தியில் இதற்கு என்னிடம் பதில் இல்லை. தமிழிலும் இருந்திருக்காது.

அவர் இன்னொன்றும் சொன்னார். வெள்ளம் ஏறும்போது அவ்வளவு பயமில்லையாம், வடியும்போதுதான் தூக்கம் வராதாம். இதற்கு அறிவியலில் விளக்கம் உண்டு. வெள்ளத்தில் ஊறிக் கனத்த மணற்கரைக்கு ஆற்று நீரே முட்டுக்கொடுத்து நிற்கும். நீர் இறங்கியதும் அந்த முட்டு போய், கரை பாளம் பாளமாகச் சரியும். 1950 ஆகஸ்ட் 15 அன்று அசாமை உலுக்கிய 8.6 அளவு நிலநடுக்கம் மலைகளைச் சரித்து ஆற்றில் கொட்டிய வண்டலால் படுகை மேடானதும், அதன்பின் ஆறு பக்கவாட்டில் அகலத் தொடங்கியதும் நூல்களில் உள்ளவை. இவையெல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். எந்த இரவில் தூக்கம் போகும் என்பது மட்டும் தெரியாது.

ஊர் திரும்பிப் பழைய கோப்புகளைத் திறந்தபோது ஒன்று உறுத்தியது. 30 மீட்டர் படத்தில் கரைக்கோடு ஒரு புள்ளி இப்படியோ அப்படியோ நகரலாம். அதைப் பிழை வரம்பு என்று ஒதுக்குவது எங்கள் வழக்கம். முறைப்படி அது சரியே. ஆனால் 22 சென்ட் என்பது வீடும் கொல்லையும் நாலு பாக்குமரமும் கொள்ளும் இடம். ஒரு குடும்பத்தின் மொத்த இழப்பும் என் பிழை வரம்புக்குள் அடங்கிவிடுகிறது.

அதன்பிறகு நிகர எண்ணை முன்னால் வைப்பதை விட்டேன். குடும்பக் கணக்கு நோட்டில் வரவையும் செலவையும் தனித்தனிப் பத்தியில் எழுதுவது போல, போன நிலத்தையும் வந்த நிலத்தையும் பிரித்தே தருகிறேன். போனது வயலா, குடியிருப்பா, வெறும் மணலா என்று பழைய படங்களைப் பார்த்துக் குறிக்கிறேன். வந்தது எத்தனை ஆண்டாக நிற்கிறது, புல் பிடித்ததா என்பதையும் சேர்க்கிறேன். புல் பிடித்து, வண்டல் படிந்து, உழவுக்கு ஆகும் வரை அதை நிலம் என்று எழுதுவதில்லை. வேலை இரண்டு மடங்கானது. மேடையில் சொல்ல ஒற்றை எண் இல்லாமல் போனது. பெரிய மாற்றத்தைக் கண்டால் வரும் அந்தச் சந்தோஷம் முழுக்க ஒழிந்தது என்று சொன்னால் பொய். இன்றும் வருகிறது. வந்ததும் இழப்புப் பத்தியை முதலில் நிரப்ப உட்காருகிறேன்.

இன்று மடிக்கணினியும் இணையமும் உள்ள எந்த மாணவரும் தம் ஊர் ஆற்றின் நாற்பது ஆண்டு மாற்றத்தை இலவசமாக அளந்துவிடலாம். அளக்க வேண்டும் என்பதே என் ஆசை. அளப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்: படத்தின் தேதியையும் அன்றைய நீர்மட்டத்தையும் எழுதுங்கள். எதைக் கரை என்று கொண்டீர்கள் என்று சொல்லுங்கள். பிழை வரம்புக்குள் எத்தனை வீடுகள் அடங்கும் என்று ஒருமுறை கணக்குப் போடுங்கள். வந்ததையும் போனதையும் கூட்டிக் கழித்து ஒன்றாக்காதீர்கள். நிலம் போனவரும் மணல் கிடைத்தவரும் ஒரே ஆள் அல்ல.